பயிலும் ஆசாரியர் கிஜுபாய் பதேகா

நம் சமுதாயக் குடும்பங்களில் ஆசிரியர் ஒருவரேனும் இல்லாத இல்லங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உழவும் ஆசிரியப் பணியும் நம்மவர்க்கு இரு கைகளைப் போன்றவை. அவ்வாசிரியர்களுள் பலர் பணி மூப்பினால் தலைமையாசிரியர்களாக உயர்ந்துள்ளனர். உயர்வு பெற்ற அன்று அவர்கள் கைக்கு வருபவை யாவை என்று எண்ணிப் பார்த்தால் சற்று வியப்பாகவே இருக்கும். சாவிக் கொத்து வரும். வருகைப் பதிவேடும் இருப்புப் பதிவேடும் வரும். மேலிடத்திற்கு அனுப்ப வேண்டிய படிவங்கள் வரும். ஒரு வகுப்பறையின் பின்புறம் அமர்ந்து எதைக் காண வேண்டும், புதிதாய் வந்த இளம் ஆசிரியரை எவ்வாறு வளர்க்க வேண்டும், தாம் எவ்வாறு மேலும் கற்க வேண்டும் என்பவற்றைச் சொல்லித்தர எவரும் வருவதில்லை. ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்த ஆண்டுகளில் நாம் கண்ட தலைமையாசிரியர்களுள் நல்லவர் பலர், உழைப்பாளிகள் பலர், ஆயினும், தாம் இன்னும் மாணவரே என்று கருதியோர் மிகச் சிலர். அச்சிலருக்கெல்லாம் முன்னோடியாக விளங்கிய ஒருவரின் வரலாற்றை இவ்விதழில் வரைய விழைகிறோம். அவர் குஜராத் மாநிலத்துக் கிஜுபாய் பதேகா ஆவார்.

நேமிநாத தீர்த்தங்கரர் முத்தி பெற்ற கிர்நார் மலைக்கும், பாலிதானாவை ஒட்டிய சத்ருஞ்சய மலைக்கும் யாத்திரை சென்று வந்த அன்பர்கள் சௌராஷ்டிர நாட்டை அறிவர். பாலிதானாவிலிருந்து ஏறத்தாழ 50 கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது பாவ்நகர். முன்னாளில் அது ஒரு சமஸ்தானத்தின் தலைநகரம். கிஜுபாயின் பெரும்பணி நிகழ்ந்த ஊர் அதுவே.

அவர் 1885 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் சௌராஷ்டிரத்தில் சித்தல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கிரிஜாசங்கர். தந்தையார் பெயர் பகவான்ஜி. வீட்டில் செல்லமாக அழைத்த பெயரே பின்னர் நாடறிந்த பெயராயிற்று. இளமையில் வளர்ந்ததும் தொடக்கக் கல்வி பெற்றதும் வலபீபுரத்தில். அக்காலப் பள்ளிகளின் நிலையை நம் பாட்டன்மார் வாயிலாக நாமும் கேட்டிருக்கிறோம். பிரம்பும் மனப்பாடமுமே அவற்றின் இரு தூண்கள். சௌராஷ்டிரமும் இதற்கு விலக்கன்று. பாவ்நகரில் உயர் கல்வி தொடங்கியும் அதனை முடிக்க இயலவில்லை. குடும்பச் சூழ்நிலையால் 1907 ஆம் ஆண்டு பிழைப்பு நாடிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறினார். இரண்டு மூன்று ஆண்டுகளில் தாயகம் திரும்பிப் பம்பாயில் சட்டம் பயின்று, வத்வான் நகரில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். தொழில் நன்றாகவே நடந்தது. அவர் அப்படியே இருந்திருந்தால் ஊர் மதிக்கும் வழக்கறிஞராக வாழ்ந்து முடித்திருப்பார்.

1913 ஆம் ஆண்டு அவருக்கு நரேந்திரன் என்னும் மகன் பிறந்தான். குழந்தையை எவ்வாறு வளர்ப்பது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற கவலை தந்தைக்கு எழுந்தது. தாம் பயின்றது போன்ற பள்ளியில் மகனைச் சேர்க்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வெண்ணம் எத்தனையோ தந்தையர்க்குத் தோன்றுவதுதான். பெரும்பாலோர் நல்ல பள்ளி எங்கே என்று விசாரிப்பதோடு நின்றுவிடுவர். கிஜுபாயும் விசாரிக்கவே புறப்பட்டார். கேடா மாவட்டத்தில் உள்ள வசோ என்னும் ஊருக்குச் சென்றார். அங்கே மோதிபாய் அமீன் என்னும் பெரியவர் இருந்தார். பரோடா சமஸ்தானத்தில் நூலக இயக்கத்தை வளர்த்தவர் அவர். வந்த வழக்கறிஞருக்கு அவர் மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறை பற்றிய நூலைத் தந்தார். இத்தாலிய மருத்துவராகிய அவ்வம்மையார் 1907 ஆம் ஆண்டு ரோம் நகரின் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் திறந்திருந்தார். கிஜுபாய் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறியதும் அதே ஆண்டுதான். மகனுக்காகத் தேடிச் சென்ற நூல் தந்தையின் வாழ்வையே திசை திருப்பிவிட்டது.

இங்கே பாவ்நகரில் தோன்றியிருந்த ஒரு நிறுவனத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நானாபாய் பட் என்னும் கல்லூரிப் பேராசிரியர் 1910 ஆம் ஆண்டு அங்கே மாணவர் விடுதி ஒன்றை நிறுவினார். தட்சிணாமூர்த்தி என்பது அதன் பெயர். சைவர் வழிபடும் தென்முகக் கடவுள், ஆலமரத்தின் கீழ் அமர்ந்து வாய் திறவாமலே சீடர்க்கு உணர்த்தியவர் என்பர். பள்ளி நடத்துவோர்க்கு நல்ல பெயர்தான் வாய்த்தது என்று நாம் நினைப்பதுண்டு. நம் வகுப்பறைகளில் ஆசிரியர் பேச்சே மிகுதி. விடுதியை நிறுவியதில் பங்கு கொண்டோருள் கிஜுபாயின் தாய்மாமனாரும் ஒருவர். நிறுவனத்திற்குச் சட்டதிட்டங்கள் வகுக்கும் வேலை வழக்கறிஞரான மருமகனிடம் வந்தது. சட்டம் வகுக்க வந்தவர் 1916 ஆம் ஆண்டு தொழிலைத் துறந்து அந்நிறுவனத்திலேயே சேர்ந்துவிட்டார். அப்போது அவர்க்கு அகவை 30.

விடுதியோடு விநய மந்திர் என்னும் உயர்நிலைப் பள்ளியும் அங்கே நடைபெற்றது. அதன் ஆசாரியர் பொறுப்பு கிஜுபாயிடம் வந்தது. அவரிடம் ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் எதுவும் இல்லை. பள்ளியில் முன்பு பணியாற்றிய அனுபவமும் இல்லை. இந்நாளில் இவ்வாறு ஒருவரை அமர்த்தினால் நாமே எதிர்த்து எழுதுவோம். ஆயினும், பயிற்சி இல்லை என்பதை அவர் ஒருபோதும் மறக்கவில்லை என்பதே அவர் வரலாற்றின் திறவுகோல் என்று நாம் கருதுகிறோம். வழக்கறிஞர் ஒருவர் வழக்கை எடுத்துக்கொண்டால் முதலில் ஆவணங்களைப் படிப்பார், சாட்சிகளைக் கேட்பார், பிறகே வாதாடுவார். கிஜுபாய் பள்ளியையும் அவ்வாறே அணுகினார். கல்வி நூல்களைத் தேடிப் படித்தார். வகுப்பில் மாணவர் செய்வதை உற்று நோக்கினார். தாம் கற்பித்தது மாணவனைச் சேர்ந்ததா என்பதைச் சோதித்தார்.

நான்கு ஆண்டுகள் இவ்வாறு சென்றபின் அவர் கண்ட முடிவு எளியது. உயர்நிலைப் பள்ளிக்கு வரும் மாணவனிடம் அச்சமும், போட்டி மனமும், சிந்தியாமல் ஒப்பிக்கும் வழக்கமும் முன்னமே வேர் பிடித்துவிடுகின்றன. எனவே வேலையை மழலைப் பருவத்திலேயே தொடங்க வேண்டும். 1920 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் நாளன்று இரண்டரை அகவை முதலான குழந்தைகளுக்காகப் பால மந்திர் தொடங்கப்பெற்றது.

இதில் அடங்கிய துணிவைப் பள்ளிப் பணியில் இருந்தவர்களே முழுதும் உணர்வர். நம் நாட்டில் கல்விப் படிக்கட்டு ஒரே திசையில்தான் ஏறும். தொடக்கப் பள்ளி ஆசிரியர் நடுநிலைப் பள்ளிக்கு ஏங்குவார், நடுநிலைப் பள்ளியார் உயர்நிலைப் பள்ளிக்கு, அவர் கல்லூரிக்கு. சின்னஞ்சிறு குழந்தைகளோடு இருப்பவர்க்கு ஊதியமும் குறைவு, மதிப்பும் குறைவு. உயர்நிலைப் பள்ளியின் ஆசாரியராய் இருந்த ஒருவர், மூக்கு ஒழுகும் குழந்தைகளோடு தரையில் அமர வந்தது அக்காலத்தில் பலர்க்கும் விளங்காத செயலே. குழந்தைகள் இப்பெரிய மீசைக்காரரைச் சுற்றி மொய்த்தனர். மீசை வைத்த தாய் என்ற பெயர் அவர்க்கு வழங்கலாயிற்று. குஜராத்தில் இன்றும் அப்பெயராலேயே அவரை நினைவுகூர்கின்றனர்.

1922 ஆம் ஆண்டு, தக்தேசுவரர் கோயிலருகே மேட்டு நிலத்தில் எழுந்த பால மந்திரின் புதிய கட்டடத்தைக் கஸ்தூரிபா காந்தி அம்மையார் திறந்து வைத்தார்.

கிஜுபாய் மாண்டிசோரி அம்மையாரை நேரில் கண்டவர் அல்லர். நூல்களே அவர்க்குக் குரு. ஆயினும் குருவின் சொல்லை அப்படியே ஒப்பித்தவரும் அல்லர். குழந்தையைத் தன் விருப்பப்படி செயலாற்ற விடுதல், புலன்களைப் பயிற்றுதல், தண்டனையும் பரிசும் இன்றிக் கற்பித்தல் ஆகியவற்றை முழுமையாக ஏற்றுக்கொண்டார். ஐரோப்பியக் கருவிகளை மட்டுமே நம்பியிராமல், நம் நாட்டில் கிடைக்கும் எளிய பொருள்களைப் பயன்படுத்தினார். கதை பற்றிய கருத்தில் அவர் குருவோடு மாறுபட்டார். மிக இளம் குழந்தைகளுக்கு மாயக் கதைகள் வேண்டா என்பது மாண்டிசோரி அம்மையாரின் கொள்கை. கிஜுபாயோ பாட்டிமார் கதைகளைப் பள்ளியின் நடுவே கொண்டுவந்து வைத்தார். நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். கதை சொல்லும் கலை பற்றித் தனி நூலே எழுதினார். ஆட்டமும் பாட்டும் நாடகமும் அவர் பள்ளியில் இடம் பெற்றன. தாம் கண்ட குழந்தைகள் கதை கேட்கையில் அடைந்த மலர்ச்சி அவர்க்கு எந்த நூலினும் பெரிய சான்றாக இருந்தது. ஒரு கொள்கையை ஏற்பதற்கும் அதற்கு அடிமையாவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே. பயிற்சி வகுப்பு ஒன்றிற்குச் சென்று வந்ததும் அங்கே கண்டதை அப்படியே மறுநாள் பள்ளியில் நடத்தும் தலைமையாசிரியர்களை நாம் கண்டிருக்கிறோம்; ஒரு மாதத்திற்குள் அது மறைந்துபோவதையும் கண்டிருக்கிறோம்.

அவர் எழுதிய நூல்களுள் பெரும்புகழ் பெற்றது திவாஸ்வப்னம். பகல் கனவு என்ற பெயரில் தமிழிலும் வெளிவந்துள்ளது. 1930 களின் தொடக்கத்தில் குஜராத்தியில் எழுதப்பெற்ற அந்நூல், கதை வடிவில் அமைந்தது. இலட்சுமிராம் என்னும் ஆசிரியர் கல்வி அதிகாரியிடம் சென்று, அரசுப் பள்ளி ஒன்றின் நான்காம் வகுப்பை ஓராண்டு தம் பொறுப்பில் விடுமாறு வேண்டுகிறார். அனுமதி கிடைக்கிறது. முதல் நாளுக்கான திட்டங்களை வீட்டில் அழகாக வகுத்துக்கொண்டு வருகிறார். மாண்டிசோரி முறையில் உள்ள அமைதி விளையாட்டிலிருந்து தொடங்குவது அவர் எண்ணம். எல்லோரும் அசையாமல் அமர்ந்து சுற்றிலும் எழும் ஓசைகளைக் கேட்க வேண்டும். கதவும் சன்னலும் சாத்தப்படுகின்றன. ஒரு பையன் பூனைபோல் கத்துகிறான்; இன்னொருவன் வேறொரு குரல் எழுப்புகிறான்; தரையைத் தட்டுவோர் தட்டுகின்றனர். சற்று நேரத்தில் பள்ளி முழுதும் அதிர்கிறது. திட்டம் பாழ். மாணவரை வீட்டிற்கு அனுப்பிவிடுகிறார். தலைமையாசிரியரின் கண்டனமும் வந்து சேர்கிறது.

ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவியர்க்கு இப்பகுதியை நாம் பலமுறை எடுத்துச் சொன்னதுண்டு. வெற்றிக் கதைகள் கேட்டுச் சலித்த முகங்கள் இதைக் கேட்டதும் நிமிரும். இலட்சுமிராம் அன்றிரவு மாணவரைக் குறை கூறவில்லை. பழக்கமில்லாத சிறுவரிடம் எடுத்த எடுப்பில் அமைதியை எதிர்பார்த்தது தம் கணக்கின் பிழை என்று உணர்கிறார். மறுநாள் கதையோடு வருகிறார். முதல் நாள் கூச்சலிட்ட அதே சிறுவர் மூச்சு விடாமல் கேட்கின்றனர். மணி அடித்தும் எழ மறுக்கின்றனர். கதை தொடர வேண்டுமானால் வரிசையாக அமர வேண்டும், பேசலாகாது என்னும் விதிகளை மகிழ்ந்து ஏற்கின்றனர். பிரம்பு தராத ஒழுங்கைக் கதை தந்துவிடுகிறது. அதன் பிறகு நகத்தையும் தலைமுடியையும் அழுக்கேறிய தொப்பிகளையும் தூய்மை செய்யும் பணி. பாடநூலுக்குச் செலவிடும் பணத்தில் வகுப்பு நூலகம். விளையாட்டு, நாடகம், ஊரைச் சுற்றிப் பார்த்தல். பெற்றோர் முணுமுணுக்கின்றனர். உடனிருக்கும் ஆசிரியர்கள், தமக்குக் குடும்பம் உண்டு, பாடத்திட்டம் முடிக்க வேண்டும், தேர்வு உண்டு என்கின்றனர். கல்வி அதிகாரியோ ஐயத்தோடும் ஆர்வத்தோடும் அடிக்கடி வந்து பார்க்கிறார். ஆசிரியரைத் தடுக்காமலும் கைவிடாமலும் உடன் நின்று பார்க்கும் அவ்வதிகாரி நமக்கு மிகவும் பிடித்த பாத்திரம். மேற்பார்வை என்பதற்கு அதைவிட நல்ல இலக்கணம் நமக்குக் கிடைக்கவில்லை.

தாம் கற்றது தம்மோடு முடிந்துவிடலாகாது என்பதில் கிஜுபாய் உறுதியாக இருந்தார். 1925 ஆம் ஆண்டு அத்யாபன மந்திர் என்னும் ஆசிரியப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். பயிற்சி பெற வந்தோர் பால மந்திரின் குழந்தைகளுக்கிடையே இருந்து பயின்றனர் என்பதே அதன் சிறப்பு. நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் அவரிடம் பயின்று குஜராத்தின் பல ஊர்களுக்கும் சென்றனர். ஊர் திரும்பியவர்கள் தனித்து நின்று வாடிவிடாதிருக்கச் சிட்சண் பத்திரிகா என்னும் மாத இதழ் வெளிவந்தது. குழந்தைக் கல்வியில் ஈடுபட்டோர் ஒன்றுகூட 1926 ஆம் ஆண்டு நூதன் பால சிட்சண் சங்கம் நிறுவப்பெற்றது. நாம் பயின்ற காலத்துப் பாடநூலில் மாண்டிசோரி முறைக்கு ஒரு பக்கம் இருந்தது. தேர்வுக்கு ஐந்து மதிப்பெண் வினா. நம் நாட்டிலேயே அம்முறையை ஆராய்ந்து, மாற்றி, நூற்றுக்கணக்கானோர்க்குப் பயிற்றிய இம்மனிதரின் பெயர் அதில் இல்லை. பணியில் சேர்ந்து பல ஆண்டுகள் கழித்தே நாம் அவரை அறிந்தோம்.

அவரிடம் வந்து பயின்றவர்களுள் ஒருவரைத் தனியே சொல்ல வேண்டும். தாராபாய் மோடக் அம்மையார் 1892 ஆம் ஆண்டு பம்பாயில் பிறந்த பட்டதாரி. ராஜ்கோட்டில் மகளிர் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராய் இருந்தவர். ஓர் இந்தியப் பெண்மணிக்கு அக்காலத்தில் அது பெரும்பதவி. கிஜுபாயின் பணியை அறிந்ததும் அப்பதவியை விட்டு 1923 ஆம் ஆண்டு பாவ்நகருக்கு வந்து சேர்ந்தார். ஆசிரியர்களைப் பயிற்றிய கல்லூரியின் தலைவியே குழந்தைகள் பள்ளியில் மீண்டும் மாணவியாக அமர்ந்தார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே தங்கி, கிஜுபாயோடு நூல்கள் எழுதியும் இதழ் நடத்தியும் பணியாற்றினார்.

2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர்களும் பள்ளித் தலைவர்களும் ஆண்டுதோறும் 50 மணி நேரமேனும் பணித்திறன் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது. அக்கொள்கையின் பிற பகுதிகளைப் பற்றிய வழக்குகள் எவ்வாறாயினும், தலைவரும் கற்க வேண்டியவர் என்று ஓர் ஆவணத்தில் எழுதப்பட்டதை நாம் வரவேற்கிறோம். ஆனால் மண்டபத்தில் அமர்த்திப் பிற்பகல் வரை சொற்பொழிவு கேட்கச் செய்து, கையொப்பம் வாங்கி அனுப்பும் 50 மணி நேரத்தால் விளையும் பயன் சிறிது. தாராபாய் அம்மையார் பாவ்நகரில் பயின்றது அவ்வாறன்று. குழந்தைகள் எதிரே இருந்தனர். செய்து பார்க்க இடம் இருந்தது. தவறினால் பேசித் தெளிய உடன் பணியாற்றுவோர் இருந்தனர். எழுதி வெளியிட இதழ் இருந்தது.

கிஜுபாய் குழந்தைகளுக்கும் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்குமாக ஏராளமான நூல்கள் எழுதினார். பெற்றோராதல் எத்துணைக் கடினம் என்று விளக்கும் நூல் ஒன்றும் அவற்றுள் உண்டு. பேரப் பிள்ளைகளை வளர்க்கும் நம் வாசகர்கள் தேடிப் படிக்கத் தக்கது. குறையும் சொல்லவேண்டும். பால மந்திரின் நன்மை பெரும்பாலும் நகரத்து வசதியுள்ள குடும்பங்களுக்கே எட்டியது. கிராமத்துக் குழந்தைக்கும் உழைப்பாளி வீட்டுக் குழந்தைக்கும் அது எவ்வாறு சென்று சேரும் என்ற வினாவுக்குப் பாவ்நகரில் விடை கிடைக்கவில்லை.

1936 ஆம் ஆண்டு அவர் தட்சிணாமூர்த்தி நிறுவனத்திலிருந்து விலகினார். இருபது ஆண்டுகள் வளர்த்த இடத்தை ஐம்பது அகவையில் விட்டு வருவது எளிதன்று. பின்னர் ராஜ்கோட்டில் ஆசிரியப் பயிற்சிப் பணியை மீண்டும் தொடங்கினார். அதற்குள் உடல் தளர்ந்துவிட்டது. 1939 ஆம் ஆண்டு சூன் 23 ஆம் நாள் பம்பாயில் உயிர் நீத்தார். அகவை 53.

அவ்வாண்டின் இறுதி மாதங்களில் மாண்டிசோரி அம்மையார் இந்தியாவுக்கு வந்தார். பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றில் தங்கி, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஆசிரியர்க்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். இரண்டாம் உலகப் போரினால் நாடு திரும்ப இயலாமல் 1946 வரை இங்கேயே இருந்தார். கோடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். நூல் வழியாகவே குருவை அறிந்த கிஜுபாய் இன்னும் ஐந்தாறு திங்கள் வாழ்ந்திருந்தால், அடையாற்று ஆலமரத்தடியில் அவரைக் கண்டிருக்கக் கூடும். கதைகளைப் பற்றி இருவரும் என்ன வாதாடியிருப்பர் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பாவ்நகர் விடையளிக்காத வினாவைத் தாராபாய் அம்மையார் எடுத்துச் சென்றார். பம்பாய்த் தாதரில் சிசு விகார் என்னும் நிலையத்தை நிறுவினார். பின்பு அதையும் விட்டு, 1945 ஆம் ஆண்டு தாணா மாவட்டத்துப் போர்டி கிராமத்திற்குச் சென்றார். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளிடம் பள்ளியே சென்றது. மரத்தடியிலும் வீட்டு முற்றத்திலும் விதை, கூழாங்கல், இலை, மண் ஆகியவற்றைக் கொண்டு கற்பித்தனர். 1957 ஆம் ஆண்டு பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்கு அப்பணி மாறியது. அனுதாய் வாக் என்னும் மாணவி அங்கே அவர்க்கு வலக்கையாய் விளங்கினார். முற்றத்தில் நடந்த அப்பள்ளிக்கு அங்கன்வாடி என்று பெயர். தாராபாய் அம்மையார் 1973 ஆம் ஆண்டு காலமானார். 1975 ஆம் ஆண்டு அக்டோபர் 2 ஆம் நாள் நடுவண் அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது, நாடெங்கும் திறக்கப்பட்ட குழந்தைகள் மையங்களுக்கு வழங்கிய பெயரும் அதுவே.